காயின் மேல் எழுதிய எண்



போர் விளையாட்டுகளில் படைப்பிரிவுகளுக்கு அளிக்கப்படும் தர எண்களைப் பற்றி இன்று பேசவிருக்கிறோம். மொழிக்கென அமைந்த மேடையில் இதற்கு என்ன இடம் என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். திருக்குறளின் பொருட்பாலை நினைவுகூர்ந்தால் அந்த ஐயம் ஓரளவு அகலும். அங்கே வலியறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துக் காலமறிதல் வருகிறது. அதனை அடுத்து இடனறிதல் வருகிறது. வலியறிதலிலும் வள்ளுவர் வலிமையை ஒற்றைப் பொருளாக வைக்கவில்லை. செய்யப்போகும் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றானின் வலிமை, துணைவருவோரின் வலிமை என நான்காகப் பிரித்து எடைபோடச் சொல்கிறார். நம்முடைய இன்றைய சிக்கல் ஏறத்தாழ முழுவதும் இந்த வைப்புமுறைக்குள் அடங்கும். ஒரு படையின் வலிமையை ஓர் எண்ணாக எழுத முடியுமா? முடியுமெனில், காலமும் இடமும் அந்த எண்ணுக்குள் அடங்குமா, வெளியே நிற்குமா?

சதுரங்கத்தில் இக்கேள்விக்கு இடமில்லை. இரு பக்கமும் ஒரே வகைக் காய்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே கட்டங்கள். அங்கே நியாயம் உண்டு, வரலாறு இல்லை. வரலாற்றை மேசைக்குக் கொண்டுவரும் முயற்சி பிரஷ்யாவில் வேரூன்றியது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் படை அதிகாரி, மெய்யான நிலப்படத்தின் மீது பகடையும் அட்டவணையும் நடுவரும் கொண்டு ஆடும் விதிகளை வெளியிட்டார். அட்டவணைகள் பெருகி ஆட்டம் சுமையாகியபோது, 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் அதிகாரி அவற்றை ஒதுக்கிவிட்டு, முடிவுகளை அனுபவம் வாய்ந்த நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிட்டார். எண்ணை நம்புவதா, மனிதரை நம்புவதா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

இன்று கடைகளில் கிடைக்கும் பலகை விளையாட்டுகளின் வடிவம் 1954-இல் சார்லஸ் ராபர்ட்ஸ் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட ‘டாக்டிக்ஸ்’ என்னும் விளையாட்டிலிருந்து கிளைத்தது. வரைபடத்தின் மேல் அறுகோணக் கட்டங்கள் பின்னர் வந்தன. ஒவ்வொரு படைப்பிரிவும் ஒரு சிறு அட்டைக் காய். அதன் மேல் இரண்டு அல்லது மூன்று எண்கள்: தாக்கும் வலிமை, தடுக்கும் வலிமை, நகரும் வேகம். தாக்குவோரின் எண்களையும் தடுப்போரின் எண்களையும் தனித்தனியே கூட்டி, விகிதம் கண்டு, பகடையை உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்ப்பார்கள். இந்த எண்ணை யார் எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்று ஆடுவோர் பெரும்பாலும் கேட்பதில்லை. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இந்நிலை புதிதன்று. மதிப்பெண் எழுதப்பட்ட பிறகு, அது அந்த ஒரு நாள் எழுதிய தேர்வுக்கு உரியது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பிள்ளைக்கே உரியதாக எண்ணத் தொடங்குகிறோம்.

நாம் வாழும் நிலத்தில் நடந்த போரையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. எழுபது நாள்கள். தற்காத்த படைகளின் மொத்த எண்ணிக்கை, தாக்கிய படையைக் காட்டிலும் கூடுதல். இப்போரை விளையாட்டாக வடிவமைக்க அமர்வோர்க்கு எளிய வழி ஒன்று உடனே தோன்றும். ஜப்பானியக் காலாட்படைக்கு ஐந்து, பிரிட்டிஷ் இந்தியக் காலாட்படைக்கு இரண்டு என எழுதிவிட்டால் போதும். எழுபது நாள்களில் மலாயா விழுந்துவிடும். முடிவு வரலாற்றோடு ஒத்துப்போகும். இதைத்தான் மெய்ம்மை என்று பலர் சொல்லுகிறார்கள். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதைக் காண, 11-ஆம் இந்திய டிவிஷனின் பின்னால் நான்கு வாரங்கள் நடந்து பார்ப்போம்.

டிசம்பர் 11, ஜித்ரா. தாய்லாந்தின் தென்பகுதிக்குள் முன்கூட்டியே நுழையும் திட்டத்துக்காக ஆயத்தநிலையில் காத்திருந்த படை அது. திட்டம் கைவிடப்பட்டதும், முடிக்கப்படாத பதுங்குகுழிகளுக்கு விரைந்து திரும்பியது. பெய்த மழையில் குழிகள் நீரால் நிறைந்திருந்தன. படைக்கு டாங்கி இல்லை. எதிரியின் டாங்கியைக் கண்டதே பலருக்கு முதல் முறை. தற்காத்தோரைவிட எண்ணிக்கையில் மிகச் சிறியதாயிருந்த ஜப்பானிய முன்னணிப் பிரிவு ஒன்று அடித்த அடியில் இரண்டு நாள்களுக்குள் அணி உடைந்தது. இந்தப் போரை மட்டும் பார்த்து எண் எழுதுவோர் ஒன்று என்றே எழுதுவார்கள்.

டிசம்பர் 30, கம்பார். ஜித்ராவில் உடைந்த லெஸ்டர், கிழக்கு சர்ரே என்னும் இரு ஆங்கிலேயப் பட்டாளங்களின் எஞ்சியோரைச் சேர்த்து ‘பிரிட்டிஷ் பட்டாளம்’ என்று ஒன்றாக்கியிருந்தார்கள். அவர்களோடு அதே ஜித்ராவிலிருந்து பின்வாங்கி வந்த பஞ்சாப், ஜாட் வீரர்களும் இருந்தார்கள். இங்கே மேட்டில் நிலையெடுக்க நேரம் கிடைத்தது. எதிரே ஈயச் சுரங்க வெளி திறந்து கிடந்ததால் பீரங்கிப் படையினருக்குத் தெளிவான பார்வை இருந்தது. நான்கு நாள்கள் நின்றார்கள். சீக்கிய வீரர்களின் கம்பெனி ஒன்று, இழந்த முகட்டைத் துப்பாக்கிமுனைக் கத்தியோடு ஏறி மீட்டது. ஜனவரி 2 அன்று அவர்கள் விலகியதும் முன்னணி உடைந்ததால் அன்று. கடல்வழியே படகுகளில் வந்த ஜப்பானியர் பின்புறச் சாலையை அறுத்துவிடுவார்கள் என்பதால். இந்தப் போரைப் பார்த்து எழுதுவோர் நான்கு என்று எழுதலாம். ஐந்து என்றாலும் மறுப்பதற்கில்லை.

ஜனவரி 7, சிலிம் ரிவர். ஒரு மாதமாகப் பகலில் வானூர்திகளுக்கு ஒளிந்தும் இரவில் பின்வாங்கியும் உறக்கமின்றி நடந்த படை. விடியலுக்கு முன்னர் நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 30 ஜப்பானிய டாங்கிகள் புகுந்தன. அவற்றைத் தடுக்கும் தடைகள் உரிய இடத்தில் இல்லை. காலைப்பொழுதுக்குள் டிவிஷன் சிதறிவிட்டது; பாலமும் தகர்க்கப்படாமலே எதிரியின் கைக்குப் போயிற்று. சிதறியவற்றுள் ஆர்கைல் பட்டாளமும் ஒன்று. மலாயாக் காட்டுக்குள் போருக்கு முன்பே பழகி, அப்பயிற்சிக்காகவே பெயர்பெற்ற ஸ்காட்லாந்துப் பட்டாளம் அது. எந்த வடிவமைப்பாளரும் அதற்கு உயர்ந்த எண்ணையே தருவார். அந்த எண் அதை அன்று காப்பாற்றியிராது.

இருபத்தேழு நாள்களில் ஒரே டிவிஷன் மூன்று விதமாகப் போரிட்டிருக்கிறது. சராசரி எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை வரும். அந்த இரண்டரை ஜித்ராவுக்கும் பொருந்தாது, கம்பாருக்கும் பொருந்தாது, சிலிம் ரிவருக்கும் பொருந்தாது. மாறியவை உறக்கம், நிலம், ஆயத்தம், எதிரி கொண்டுவந்த கருவி ஆகியவை. வள்ளுவர் தனித்தனி அதிகாரங்களாக வைத்தவற்றை ஓர் அட்டைத் துண்டில் திணித்துவிட்டு, பிறகு அந்த எண்ணை வீரனின் இயல்பு என்று சொல்லத் தலைப்படுகிறோம்.

இதில் கணக்குப் பிழை ஒன்றும் உண்டு. ஜப்பானியர் வென்றதற்குக் காரணங்கள் தெரிந்தவை: டாங்கிகள், வான்வலிமை, கடல்வழியே பக்கவாட்டில் இறங்கும் படகுகள், சீனப் போரில் தழும்பேறிய 5-ஆம், 18-ஆம் டிவிஷன்கள், எந்நேரமும் முன்கை எடுத்த தலைமை. இவற்றுள் டாங்கிக்கும் வானூர்திக்கும் படகுக்கும் விளையாட்டில் தனிக் காய்களே இருக்கின்றன. அவற்றுக்கு ஒருமுறை வலிமை கொடுத்துவிட்டு, அவற்றால் கிடைத்த வெற்றியைக் கண்டு காலாட்படைக்கும் எண்ணை உயர்த்துவது, ஒரே கடனுக்கு இருமுறை வட்டி வாங்குவது போன்றது.

இந்தச் சிக்கல் பொழுதுபோக்கு விளையாட்டோடு நிற்கவில்லை. அமெரிக்கப் படையில் கர்னலாக இருந்து வரலாற்றாய்வாளரான ட்ரெவர் டுபுய், 1970-களில் இரண்டாம் உலகப் போரின் மோதல்கள் பலவற்றைக் கணக்கிட்டார். ஆள்பலம், ஆயுதம், நிலம் ஆகியவற்றைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க முடிவை முதலில் கண்டார். நடந்த முடிவை அதனோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் இடையே எஞ்சியதைப் போர்த்திறன் என்றார். அந்த அளவையில் ஜெர்மானியத் தரைப்படை ஏறத்தாழ 20 விழுக்காடு மேம்பட்டதாக வந்தது. உழைப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் கணக்கில் விடுபட்ட ஒவ்வொன்றும் அந்த மிச்சத்துக்குள் புகுந்துகொள்ளும். கணித்தவரின் கைப்பிழை கூட ஒரு நாட்டு வீரனின் திறமையாகவோ திறமைக்குறைவாகவோ உருமாறிவிடும்.

மலாயாப் போருக்கு முன்பே தர எண்கள் இருந்தன. அட்டையில் அச்சிடப்படவில்லை, அவ்வளவே. ஜப்பானியர் கண்பார்வை குறைந்தவர்கள், நல்ல விமானிகளாக மாட்டார்கள், சொன்னதையே திருப்பிச் செய்பவர்கள் என்னும் பேச்சு ஆங்கிலேய அதிகாரிகளிடையே தாராளமாக உலவியது. டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடற்பரப்பில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை வானிலிருந்தே மூழ்கடித்தவர்கள் அந்த விமானிகள்தாம். தோற்ற பிறகு எண் மறுகோடிக்குத் தாவியது. ஜப்பானியன் காட்டிலேயே பிறந்த வெல்லமுடியாத வீரன் என்றார்கள். அவர்களோ காட்டைப் பற்றி 1941-இல் தைவானில் அமர்ந்து படித்து எழுதிக்கொண்டவர்கள்; மலாயாவின் நல்ல தார்ச்சாலைகளில் மிதிவண்டி மிதித்து வந்தவர்கள். ஒன்று என்று எழுதியதும் அவர்களை அறியாமல் எழுதியது. ஆறு என்று திருத்தியதும் அறியாமல் திருத்தியதே.

வென்றவர்களும் இந்நோய்க்குத் தப்பவில்லை. 1942 மே மாதம், மிட்வே தீவின் மீதான தாக்குதலை ஜப்பானியக் கடற்படையினர் மேசையில் ஆடிப் பார்த்தார்கள். பகடையின்படி அவர்களுடைய வானூர்தி தாங்கிக் கப்பல்கள் ‘அகாகி’யும் ‘காகா’வும் மூழ்கவேண்டும். ஆட்டத்தை நடத்திய உகாகி, விழுந்த குண்டுகளின் எண்ணிக்கையை ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைத்தார் என்றும், மூழ்கிய ‘காகா’வும் அடுத்த கட்டத்தில் மீண்டும் மிதந்தது என்றும் அந்தக் கடற்படையின் அதிகாரிகளே போருக்குப் பின் எழுதினார்கள். ஜூன் மாதம் இரண்டு கப்பல்களும் மெய்யாகவே மூழ்கின.

தமிழருக்கும் ஒரு தர எண் இருந்தது. 1881 முதல் மதராஸ் படைக்கும், பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தலைமை வகித்த ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ் (முன்னர்ச் சொன்ன விளையாட்டுக்காரர் வேறு), தென்னிந்தியர் வீரம் குன்றியவர் என்று கருதினார். போர்க்குலம் என்னும் கோட்பாடு வலுத்தது. மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன; ஆள்சேர்ப்பு பஞ்சாபுக்கும் நேப்பாளத்துக்கும் நகர்ந்தது. குறைந்த எண் கொடுத்தவர்களுக்குப் பயிற்சியும் கருவியும் குறைந்தன. குறைந்தபின் அவர்களால் மேம்பட முடியவில்லை. மேம்படாததே எண்ணுக்குச் சான்றாயிற்று. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடியும் எழுப்பப்பட்டுப் பர்மாப் போர்முனையில் போரிட்டது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் 1943-இல் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். அரை நூற்றாண்டுக் காலம் அதிகாரிகள் எழுதிவைத்திருந்த அட்டவணையில் இவர்களுக்குக் கட்டமே இல்லை.

ஆகவே இனத்துக்கோ நாட்டுக்கோ எண் எழுதும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும் என்பதே நம் துணிபு. காயின் மேல் வரவேண்டியது போர் தொடங்குமுன் ஒருவர் கண்டறிந்திருக்கக்கூடியது: எத்தனை ஆள், என்ன கருவி, எத்தனை மாதப் பயிற்சி, எத்தனை நாள் ஓய்வில்லை. போரின் முடிவைக் கண்டபின் பின்னோக்கி எழுதக்கூடாது. சோர்வு என்பது மாறும் பொருளாதலால், அதைக் காயில் அச்சிடாமல் மேலே வைத்து எடுக்கும் சிறு அட்டையாகச் செய்யலாம். ஜித்ராவிலிருந்து வந்த காயின் மீது அந்த அட்டை ஏறும். ஓய்வு கொடுத்தால் இறங்கும். கொடுக்காவிட்டால் சிலிம் ரிவரில் என்ன நடக்கும் என்பதை ஆடுபவரே கண்டுகொள்வார்.

இதையும் அளவோடு செய்யவேண்டும். 1979-இல் வெளிவந்த ‘வட ஆப்பிரிக்கப் போர்த்தொடர்’ என்னும் அமெரிக்க விளையாட்டை முழுமையாக ஆட ஆயிரம் மணி நேரத்துக்கு மேலாகும். அதில் இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் வழங்கவேண்டும் என்று ஒரு விதி உண்டு. வடிவமைத்தவர் அதை நகைச்சுவையாகச் சேர்த்ததாகக் கூறினார். ஆனால் உலகம் அந்த விளையாட்டில் நினைவு வைத்திருப்பது அந்த ஒரு விதியைத்தான். மெய்ம்மை மிகுந்துபோன இடத்திலும் பழைய இளக்காரம் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

சமநிலைக்கு வருவோம். வகுப்பில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும்போது, ஒருவர் தோற்பதற்கென்றே அமர்ந்திருந்தால் ஆட்டம் நடவாது. அதற்காகப் பிரிட்டிஷ் பக்கத்துக்கு இல்லாத டாங்கிகளைக் கொடுப்பது பொய். எதை வெற்றி என்பது என்னும் வரையறையில்தான் சமநிலையைத் தேடவேண்டும். ஒரு சுற்றை ஐந்து நாள் எனக் கொண்டால் எழுபது நாளுக்குப் பதினான்கு சுற்று. சிங்கப்பூரைப் பதினைந்தாம் சுற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாலே தற்காப்பவர் வென்றவர் ஆவார். ஜப்பானியர் பிப்ரவரி 11 அன்று, தங்கள் பேரரசின் தொடக்க நாளில், சிங்கப்பூரைப் பிடித்துவிட விரும்பினார்கள். அந்த நாளையே கெடுவாக வைத்தால், வரலாற்றில் யமஷிதாவும் நான்கு நாள் தவறியவரே. எண்களில் கைவைக்காமல் இரு பக்கத்துக்கும் பதற்றம் வந்துவிடுகிறது.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இதுவரை போரிட்டே இராத படைக்கு என்ன எழுதுவது? 1939-இல் ஏறத்தாழ 2 இலட்சமாக இருந்த இந்தியப் படை போரின் முடிவுக்குள் 20 இலட்சத்தைத் தாண்டியது. புதிய பட்டாளங்களை எழுப்புவதற்காகப் பழைய பட்டாளங்களிலிருந்து அனுபவசாலிகளைப் பிரித்தெடுத்தார்கள். அவ்வாறு உருவான 45-ஆம் பிரிகேட் மத்தியக் கிழக்குக்கென ஆயத்தப்படுத்தப்பட்டு, திசைமாற்றப்பட்டு, 1942 ஜனவரி 3 அன்று சிங்கப்பூரில் இறங்கியது. பன்னிரண்டே நாளில் மூவாரில் எதிரியைச் சந்தித்தது. அதன் பிரிகேடியர் தாமே எதிர்த்தாக்குதலுக்கு முன்நின்று மாண்டார். எஞ்சியோர் ஆஸ்திரேலிய வீரர்களோடு பாரிட் சூலோங் வரை போரிட்டு வந்தார்கள். பாலத்தைக் கடக்க முடியாமல் விட்டுச் சென்ற காயம்பட்டோரை ஜப்பானியர் கொன்றார்கள். காயைப் பலகையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுவதை விளையாட்டுக்காரர்கள் ‘நீக்கம்’ என்பார்கள். மாணவர்களோடு ஆடும்போது அந்தச் சொல்லில் சற்று நின்றுவிட்டு மேலே செல்வது நல்லது.

புதுப்படையின் சிக்கலுக்கு 1976-இல் வந்த ‘பான்சர்குருப்பே குடேரியன்’ என்னும் விளையாட்டு ஒரு நல்ல வழி கண்டது. சோவியத் படைகளின் எண் காயின் மறுபக்கத்தில் இருக்கும். முதல் சண்டைவரை காய் புரட்டப்படாது. எதிரிக்கும் தெரியாது, அதை நகர்த்துபவருக்கும் தெரியாது. மெய்யான படைத்தலைவரின் நிலையும் அதுதான். அறியாமையையே விதியாக்கிய இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் உவப்பானது.

அவ்விதியை வைத்துக்கொண்டு 1942 பிப்ரவரி 13-க்கு வருவோம். இடம் பாசிர் பாஞ்சாங் முகடு. நிற்பது மலாய் ரெஜிமெண்ட். 1933-இல் போர்ட் டிக்சனில் 25 பேரைச் சேர்த்து, ‘சோதனைக் கம்பெனி’ என்னும் பெயரோடு தொடங்கப்பட்ட படை. மலாய்க்காரர் படை ஒழுங்குக்குப் பழகுவார்களா என்று ஆட்சியாளருக்கு இருந்த ஐயம் அப்பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பெரும்போர் என்னும் தேர்வை எழுதியிராதவர்கள். முன்னரே எண் எழுதியிருந்தால் ஒன்றைத் தாண்டியிருக்காது. பதின்மூன்றாம் நாளும் பதினான்காம் நாளும் சீனப் போர் கண்ட 18-ஆம் டிவிஷனை அவர்கள் எதிர்த்து நின்றார்கள். புக்கிட் சண்டுவில் லெப்டினன்ட் அட்னான் பின் சாயிடியின் கம்பெனி ஏறத்தாழ முழுவதுமே அழிந்தது. நடந்ததைப் பார்த்து இன்று ஆறு என்று எழுதவே கை நீளும். அவ்வாறு எழுதினால் மலாய் வீரர்களை மதித்தோம் என்னும் நிறைவு நமக்குக் கிடைக்கும். ஆனால் ஆறு எண்ணுள்ள படை நிற்பதில் வியப்பொன்றும் இராது. அவர்கள் நிற்பார்களா என்பது யாருக்கும் தெரியாத மாலையில் அவர்கள் நின்றார்கள் என்பதே அங்கு நடந்தது.

பள்ளியில் இந்த ஆட்டத்தை வடிவமைக்க விரும்பும் மாணவர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது, அந்த ஒரு காயை எண் தெரியாமல் கவிழ்த்தே வைக்கவேண்டும் என்பதுதான். எதிர்ப்பக்கம் ஆடுபவர் அதைத் தாக்க முடிவு செய்து, பகடையைக் கையில் எடுத்த பிறகு புரட்டுங்கள்.